அவர்ணம்: நிறமில்லாத பொருளும் நிறம் தேடும் கண்ணும்

முண்டக உபநிஷதத்தின் தொடக்கத்தில் சௌனகர் என்னும் பெரும் இல்லறத்தார், ஆங்கிரஸ் முனிவரை முறைப்படி அணுகி ஒரு கேள்வி கேட்கிறார். எதை அறிந்தால் அனைத்தும் அறியப்பட்டதாகும் என்பது அந்தக் கேள்வி. முனிவர் உடனே விடை கூறிவிடவில்லை. அறிவை இரண்டாகப் பிரித்து, நான்கு வேதங்களையும் ஆறு வேதாங்கங்களையும்கூடக் கீழான அறிவின் பக்கம் வைத்துவிட்டு, அழியாப் பொருளை அடைவிப்பதே மேலான அறிவு என்கிறார். பிறகு அந்தப் பொருளைச் சொல்ல முற்படும்போது, அது என்னவாக இல்லை என்பதையே அடுக்கிச் செல்கிறார். அதைக் காண இயலாது, பற்ற இயலாது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, கை இல்லை, கால் இல்லை. இந்த வரிசையின் நடுவில் இரண்டு சொற்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 'அகோத்ரம்', மற்றொன்று 'அவர்ணம்'.

மும்பையில் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த மந்திரத்தைப் பாராயணம் செய்பவர்கள் உண்டு. சுரம் பிசகாமல் அழகாகச் சொல்வார்கள். அதே அன்பர்கள் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கும்போது அர்ச்சகர் கோத்திரம் கேட்பார்; நட்சத்திரமும் பெயரும் கேட்பார். கோத்திரம் தெரியாதவருக்குச் சிவ கோத்திரம் என்றோ காசியப கோத்திரம் என்றோ சொல்லிச் சங்கல்பம் செய்துவிடுவது வழக்கம். அது பக்தரின் அடையாளம். அதில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் எவர் சன்னிதியில் அந்த அடையாளம் சொல்லப்படுகிறதோ, அவருக்குக் கோத்திரமும் இல்லை, வர்ணமும் இல்லை என்பதை அதே வாய் காலையில் ஓதியிருக்கிறது. சிந்தனைக்குரிய இடம் இதுதான்.

'வர்ணம்' என்ற சொல்லுக்கு வடமொழியில் பல பொருள்கள் உண்டு. நிறம் என்பது ஒன்று. எழுத்து என்பது மற்றொன்று. எழுத்துகளின் வரிசையை வர்ணமாலை என்கிறார்கள். சமூகப் பிரிவு என்பது மூன்றாவது. சங்கீதக் கச்சேரியில் முதலில் பாடப்படுவதும் வர்ணம்தான். ஷண்முகானந்தா அரங்கில் அமர்ந்து கேட்டவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் இச்சொல் 'வண்ணம்' என்றும் 'வருணம்' என்றும் வழங்குகிறது. தொல்காப்பியம் செய்யுளின் ஓசை நயங்களையே இருபது வண்ணங்களாக வகுத்தது. 'நிறம்' என்ற தமிழ்ச் சொல்லோ இன்னும் சுவையானது. பழந்தமிழில் அதற்கு மார்பு என்றும் பொருள் உண்டு; வேல் பாய்ந்து உயிர் போகும் இடம் நிறம். மேனியின் மேல் தெரிவதற்கும் உயிர் நிலைக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் எதை எண்ணி வைத்தார்களோ!

இத்தனை பொருள்களுக்கும் முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் அவர்ணம் ஆகிறது. ஆதி சங்கரர் தம் உரையில், ஒரு பொருளை வருணிக்கத் துணை செய்யும் தன்மைகளே வர்ணங்கள் என்கிறார். பருமன் முதலானவை, வெண்மை முதலானவை ஆகிய எந்தத் தன்மையும் இல்லாதது அவர்ணம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இல்லாத தன்மைக்கு எடுத்துக்காட்டாக அவர் கருமையைச் சொல்லவில்லை, வெண்மையைச் சொல்கிறார்.

பேச்சு வழக்கில் நிறமில்லாததை வெள்ளை என்று சொல்லிவிடுவது உண்டு. தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது, கண்ணாடி வெள்ளையாக இருக்கிறது என்பார்கள். சூதில்லாத மனத்தையும் வெள்ளை மனம் என்பார்கள். ஆனால் வெண்மை நிறமின்மை அன்று. அதுவும் ஒரு நிறம். நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடியின் வழியே சூரிய ஒளியைச் செலுத்தியபோது, வெள்ளொளிக்குள் எல்லா நிறங்களும் ஒளிந்திருப்பது வெளிப்பட்டது. ஆன்மிக வாழ்விலும் இந்த வேறுபாடு முக்கியமானது. சாஸ்திரங்கள் முக்குணங்களுக்கு நிறம் சொல்கின்றன. ரஜஸ் சிவப்பு, தமஸ் கறுப்பு, சத்துவம் வெள்ளை. சத்துவம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவும் குணமே. ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய மூன்று திருடர்களின் கதை அன்பர்களுக்குத் தெரியும். காட்டில் வழிப்போக்கனைக் கொல்ல வந்தவன் ஒருவன், கட்டிப் போட்டவன் ஒருவன், கட்டை அவிழ்த்து வீட்டுக்குச் செல்லும் வழியைக் காட்டியவன் ஒருவன். வழி காட்டியவனும் திருடனே. அவனால் வீட்டுக்குள் வர முடியாது.

இதை மறந்தால் விளைவது ஒரு தனி வகை அகந்தை. அதிகாலையில் நீராடுதல், சைவ உணவு, சந்தியாவந்தனம் அல்லது ஜபம், தூய வெள்ளை வேட்டி ஆகிய அனைத்தும் நல்லவை. ஆனால் இவற்றைக் கடைப்பிடிக்காதவரைப் பார்க்கும்போது உள்ளத்தில் எழும் மெல்லிய அருவருப்பு இருக்கிறதே, அது வெள்ளைச் சாயம். கறுப்புச் சாயம் ஒட்டியிருந்தால் ஒட்டியவனுக்கே தெரியும். வெள்ளைச் சாயத்தை அழுக்கு என்று எவரும் துவைக்க முற்படுவதில்லை. அதனால்தான் அது கடைசி வரை போவதில்லை.

அன்னை காளி ஏன் கறுப்பு என்று பக்தர்கள் கேட்பதுண்டு. தொலைவில் இருந்து பார்ப்பதால்தான் அவள் கறுப்பாகத் தெரிகிறாள் என்று ஸ்ரீராமகிருஷ்ணர் விளக்கினார். வானம் தொலைவில் நீலம்; அருகில் சென்றால் நிறமே இல்லை. கடல்நீர் தொலைவில் நீலம். கையில் அள்ளிப் பார்த்தால் நிறமில்லை. மெரைன் டிரைவிலோ தாதர் கடற்கரையிலோ நிற்கும் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். கடல் அங்கே அவ்வளவு நீலமாக இல்லை என்பது வேறு விஷயம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்து, அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது அதைப் பற்றிய குறிப்பு 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப ஆயத்தமாக இருந்தது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். நீர் செந்நிற ஒளியைச் சிறிதளவு ஈர்த்துக்கொள்வதும் ஒரு காரணம் என்று இன்று அறிகிறோம். விஞ்ஞானி நிறத்தின் காரணத்தைத் தேடினார். பரமஹம்சர் தொலைவின் விளைவைச் சொன்னார். இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் தொலைவு குறையக் குறைய நிறம் குறைகிறது என்பதைச் சாதகர் தம் வாழ்விலேயே சோதித்துப் பார்க்க இடமுண்டு. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். தெரியாதவர் 'அந்த ஆள்கள்' ஆகிறார். பத்து நாள் அருகில் இருந்து பழகினால் அவருக்குப் பெயர் வந்துவிடுகிறது.

பச்சோந்தியின் கதையும் அவர் கூறியதே. மரத்தில் ஒரு பிராணியைக் கண்டவர்களில் ஒருவன் சிவப்பு என்றான், ஒருவன் பச்சை என்றான், மற்றொருவன் நீலம் என்றான். சண்டை முற்றியது. மரத்தடியிலேயே குடியிருந்தவன்தான் உண்மையைச் சொன்னான்: நீங்கள் சொன்னவை எல்லாம் சரி, அது எல்லா நிறமும் கொள்ளும், சில வேளை நிறமே இல்லாமலும் இருக்கும். கதையைச் சொல்பவர்கள் பலர் எல்லா நிறமும் சரி என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். சமய ஒற்றுமைக்கு அது போதும். ஆனால் நிறமே இல்லாமலும் இருக்கும் என்ற கடைசிச் சொல் இல்லாவிட்டால் கதையில் வேதாந்தம் இல்லை.

வேதாந்த நூல்கள் பளிங்கை எடுத்துக்காட்டும். தூய பளிங்கின் அருகில் செம்பருத்திப் பூவை வைத்தால் பளிங்கு சிவந்து தெரிகிறது. சிவப்பைப் போக்கப் பளிங்கைத் தேய்ப்பவன் அறியாதவன். பூவை நகர்த்தினால் போதும். நகர்த்தாவிட்டாலும் பளிங்கு சிவக்கவில்லை என்று அறிந்தால் போதும். நான் கோபக்காரன், நான் துர்ப்பாக்கியசாலி, நான் உயர்ந்த குலத்தவன் என்று எண்ணுவது எல்லாம் அந்தச் சிவப்புத்தான்.

நிறமின்மை என்றவுடன் வெறுமை என்று எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. சுவேதாசுவதர உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயம் அந்த அச்சத்தைப் போக்குகிறது. ஒருவனாய், வர்ணமற்றவனாய் இருக்கும் அவனே தன் சக்தியால் பலப்பல வர்ணங்களைப் படைத்தளிக்கிறான் என்ற கருத்தோடு அது தொடங்குகிறது. நிறமில்லாமை இங்கே வறுமை அன்று. எல்லா நிறங்களுக்கும் ஊற்று.

இதற்குத் தாராவியில் ஓர் உவமை கிடைக்கிறது. அங்குள்ள 13-ஆம் காம்பவுண்டு பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம். நகரம் எறிந்த வாளிகளும் டப்பாக்களும் நாற்காலிகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தரையில் அமர்ந்தவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவற்றை வகையாகவும் நிறமாகவும் பிரிப்பார்கள். பிறகு அவை நொறுக்கப்பட்டு, கழுவப்பட்டு, கூரைமேல் உலர்த்தப்பட்டு, உருக்கி இழுக்கப்பட்டு, 'தானா' எனப்படும் சிறு மணிகளாக வெட்டப்படும். இதில் அதிக விலை போவது எது? பளபளக்கும் சிவப்போ நீலமோ அன்று. சாயம் கலவாத, நிறமில்லாத சரக்கே அதிக விலை பெறுகிறது. சிவப்பு மணியைக் கொண்டு சிவப்புப் பொருளோ அதைவிட இருண்ட பொருளோதான் செய்யலாம். பல நிறம் கலந்தது கடைசியில் கறுப்பாகத்தான் முடியும். நிறமில்லாத மணியோ எந்த நிறத்தையும் ஏற்கும். ஒரே தொட்டியில் முக்கி, கேட்டவர் கேட்ட நிறத்தைக் கொடுத்த சாயக்காரனைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறியதுண்டு. தாராவியின் கூரைகளில் காயும் மணிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை எளிதில் விளங்கும்.

ஆனால் அந்தத் தரையில் அமர்ந்து நிறம் பிரிக்கும் மக்களிடம் 'அவர்ணம்' என்ற சொல்லைச் சொன்னால், அவர்களுள் சிலருக்கு உபநிஷதம் நினைவுக்கு வராது. அந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது.

நான்கு வர்ணங்களுக்கு உள்ளே இருப்போர் சவர்ணர் என்றும், வெளியே தள்ளப்பட்டோர் அவர்ணர் என்றும் நாட்டில் வழங்கினார்கள். திருவிதாங்கூரில் இந்தச் சொல் மிகக் கூர்மையாகப் பயன்பட்டது. அவர்ணர் கோயிலுக்குள் செல்லக் கூடாது. கோயிலைச் சுற்றிய பொதுச் சாலையிலும் நடக்கக் கூடாது. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்காகச் சத்தியாகிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஈ. வெ. ராமசாமி அங்கே இருமுறை சிறை சென்றார். 1925 நவம்பரில் கிழக்குப் பக்கம் தவிர மற்றச் சாலைகள் திறந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. சுசீந்திரத்திலும் அதே போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்ட பிறகே அரசின் ஆளுகையிலிருந்த கோயில்களின் கதவுகள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1939 ஜூலை 8 அன்று மதுரையில் வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் சன்னிதிக்கு ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார்.

எண்ணிப் பார்க்க வேண்டியது இது. பரம்பொருளுக்கு வேதம் சூட்டிய பெயரையே மனிதனை வெளியே நிறுத்துவதற்கும் சூட்டினார்கள். கருவறைக்குள் இருப்பவன் அவர்ணன் என்று உள்ளே ஓதினார்கள். அவர்ணன் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் தடுத்தார்கள். அந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருசேரக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பம்பாய்க்கு வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களுள் ஆதி திராவிட மக்களும் இஸ்லாமியரும் மிகுதி. வறுமை ஒரு காரணம். ஊரில் தெருவிலும் கிணற்றிலும் கோயிலிலும் இருந்த தடை மற்றொரு காரணம். வந்த இடத்தில் அவர்கள் கணபதிக்கும் அம்மனுக்கும் தாங்களே கோயில் எழுப்பிக்கொண்டார்கள். பொங்கலன்று தாராவித் தெருக்களில் வரிசையாகப் பானை வைக்கும் காட்சி மும்பை அறிந்தது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் வழிபாட்டை விட்டுவிடவில்லை என்பது உள்ளே இருந்தவர்கள் நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி.

மாதுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் 'ராஜகிருஹம்' என்னும் இல்லத்தில் டாக்டர் அம்பேத்கர் வாழ்ந்தார். 1936இல், திருவிதாங்கூர்ப் பிரகடனம் வந்த அதே ஆண்டில், சாதி ஒழிப்பைப் பற்றிய தம் உரையை நூலாக அவர் வெளியிட்டார். இந்து சமயத்தை மிகக் கடுமையாக விமர்சித்த அந்த நூலில் ஓர் இடம் உண்டு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய கொள்கைகளுக்காக இந்துக்கள் வெளிநாட்டிடம் கடன் வாங்க வேண்டியதில்லை, உபநிஷதங்களிலிருந்தே அவற்றைப் பெறலாம் என்று சொல்லப்படுகிறது. தாம் அதில் அதிகாரி அல்ல என்ற குறிப்போடு அவர் அதை எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1956இல் அவர் பௌத்தம் தழுவினார். உபநிஷதத்தைக் கற்றவர்கள் அந்த இருபது ஆண்டுகளில் அவருக்கு என்ன காட்டினார்கள் என்ற கேள்வி, அதைக் கற்றுவருகிறவர்களிடம்தான் இன்னும் நிற்கிறது.

இரண்டு அர்த்தங்களையும் தம் வாழ்வில் சேர்த்துக் காட்டியவர் ஸ்ரீநாராயண குரு. அவர்ணர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவர்ணமான பரம்பொருளை அனுபவித்தவர். தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றார். தமிழில் பதிகங்கள் பாடினார். 1888இல் அருவிப்புரத்தில் ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். சாதி வேற்றுமையும் சமயப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறப்புகளாக வாழும் இடமாக அது விளங்க வேண்டும் என்று அங்கே எழுதி வைத்தார். 1927இல் களவங்கோட்டில் மூர்த்திக்குப் பதிலாகக் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். கண்ணாடிக்கென்று தனி நிறம் இல்லை. முன்னால் நிற்பவரை அது அப்படியே காட்டும்.

1925 மார்ச்சில் மகாத்மா காந்தி சிவகிரிக்கு வந்தபோது, ஒரே மாமரத்தின் இலைகள்கூட ஒன்றுபோல் இல்லை, மனிதர்களும் அப்படியே வேறுபட்டவர்கள் என்றார். இலைகள் வேறாக இருக்கலாம், கசக்கிச் சாற்றைச் சுவைத்தால் எல்லாம் ஒன்றே என்று குரு மறுமொழி கூறினார். பார்வைக்குக் காட்டியதற்கு நாவால் விடை சொன்னது அந்தப் பதிலின் அழகு. மும்பையில் செம்பூரில் அவர் பெயரால் அமைந்த ஸ்ரீநாராயண மந்திர சமிதி, கோயிலோடு கல்விப் பணியையும் நடத்தி வருகிறது. கல்வியால் மேன்மை அடையுங்கள் என்பது குருவின் உபதேசம். செடா நகர்த் திருச்செம்பூர் முருகன் கோயிலின் படிகளை ஏறி இறங்கும் தமிழ் பக்தர்கள், ஒருநாள் அங்கேயும் சென்று வரலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். உபநிஷதம் பேசுவது பிரம்மத்தைப் பற்றி. சமூகத்தைப் பற்றி அன்று. பாரமார்த்திகத்தை வியவகாரத்தில் கொண்டுவந்து கலக்கலாமா என்பார்கள். கற்றவர்களே இதைச் சொல்வதால் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாவது, சுவேதாசுவதரத்துக்குச் சங்கரர் பெயரால் வழங்கும் பழைய உரையே, அவர்ணன் என்ற சொல்லுக்கு ஜாதி முதலியவை அற்றவன் என்று பொருள் கூறுகிறது. ஆகவே சாதிப் பொருளை அந்தச் சொல்லுக்குள் புதிதாக எவரும் நுழைக்கவில்லை. இரண்டாவது, அந்த அவர்ணப் பொருளே நீ என்பதுதான் வேதாந்தத்தின் உபதேசம். நீ என்றால் படிப்பவர் மட்டுமா? காசியில் வழிவிட்டு விலகச் சொன்ன சங்கரரிடம், எதை விலகச் சொல்கிறீர், அன்னத்தாலான உடலையா, உள்ளிருக்கும் அறிவையா என்று சண்டாளர் கேட்டதாக மரபு சொல்கிறது. கங்கை நீரில் விழும் சூரியனுக்கும் சேரியின் குட்டையில் விழும் சூரியனுக்கும் என்ன வேற்றுமை என்ற வினாவும் அங்கேதான் எழுந்தது. ஆசாரியர் வாதாடவில்லை, இப்படி அறிந்தவர் எவராயினும் என் குரு என்று ஐந்து சுலோகங்கள் பாடினார். வியவகாரம் வேறு என்று அவர் சொல்லியிருக்க முடியும். வழியில் நின்றபடியே அவர் அதைச் சொல்லாமல் விட்டார்.

சாதகருக்கு இந்தச் சொல்லால் ஆகும் பயன் என்ன? தியானத்தில் அது எதிர்மறையாகவே உதவும். மனத்தில் இறைவனைப் பற்றி எந்த வடிவம் எழுந்தாலும் அதை வணங்கி, இதுவும் தொலைவில் தெரியும் நிறமே என்று அறிந்து, இன்னும் அருகில் செல்வது. இஷ்ட தெய்வத்தின் நீலமோ பொன்னோ செம்மையோ பொய் என்று தள்ளுவதற்கு அன்று. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் இறைவனுக்கு ஐந்து நிறங்கள் சொல்கிறார். அதே பாடலில் அவன் வாழ்த்துவோரிடமிருந்தும் மறைந்திருப்பதையும் சொல்கிறார். பக்தன் நிறத்தைப் பற்றிக்கொண்டுதான் நிறமற்றதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

தியானத்திலிருந்து எழுந்த பிறகு அதைச் சோதிக்கும் இடம் சமையலறை. மும்பையின் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் வருகிற பெண்கள் பலர் தாராவியிலிருந்தோ அது போன்ற பகுதிகளிலிருந்தோ வருகிறார்கள். சிலர் தமிழ் பேசுகிறார்கள். காலையில் அவர்களுக்குத் தேநீர் கொடுக்காத வீடு குறைவு. பூஜையறையில் உபநிஷதம் இருக்கும் வீடுகளிலும், தொட்டி முற்றத்தின் ஓரத்திலோ ஜன்னல் மாடத்திலோ தனியாக ஒரு தம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சுத்தத்துக்காக என்பார்கள். வீட்டின் எல்லாத் தம்ளர்களையும் துலக்கி அடுக்குவது அந்தக் கைகள்தான்.